தூக்க மருந்தும் தண்டனையும்: எலிச் சோதனை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தூக்க மருந்து தந்தால் எலி சுருண்டு படுக்கும் என்றுதானே நினைப்போம்? ஷாக் விழும் என்று தெரிந்தும் ஏன் நெம்புகோலைக் கூடுதலாக அழுத்துகிறது?

பதில்: டோஸைப் பொறுத்தது. மருந்து பயத்தைத் தணிக்கிறதா என்று பார்க்க கெல்லரும் சைஃப்டரும் 1960இல் வெளியிட்ட சோதனையில், பசித்த எலி நெம்புகோலை அழுத்தினால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை இனிப்புப் பால் கிடைக்கும். இடையிடையே 3 நிமிடம் ஓர் ஒலி. அப்போது ஒவ்வோர் அழுத்தலுக்கும் பால் உண்டு, பாதத்தில் ஷாக்கும் உண்டு. மருந்தில்லாத எலி ஒலி கேட்டதும் ஏறக்குறைய நின்றுவிடும். மெப்ரோபமேட், ஃபீனோபார்பிட்டால் போன்ற அமைதியூட்டும் மருந்து குறைந்த அளவில் உள்ளே போனால் மறுபடி அழுத்தத் தொடங்கும். டோஸ் ஏறினால் தண்டனை இல்லாத பகுதியிலும் அழுத்தம் சரியும். அது வெறும் மயக்கம். அதனால் ஒலி நேரத்து அழுத்தல், மற்ற நேரத்து அழுத்தல் என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: பயிற்சிக்கு வாரக்கணக்கில் ஆகிறது. சுருக்குவழி?

பதில்: வோகல் குழுவின் 1971ஆம் ஆண்டு முறை. 48 மணி நேரம் தண்ணீர் தராமல், குழாயை 20 முறை நக்கினால் ஒரு ஷாக், மொத்தம் 3 நிமிடம். பென்சோடயசெபைன் வகைப் பதற்றத் தணிப்பு மருந்தான டயசெபாமைச் சோதனைக்கு அரை மணி முன்பு வயிற்றறையில் ஊசியாகப் போடுவது வழக்கம். அது தண்ணீரில் கரையாது. கலவையை ஒவ்வொரு முறையும் குலுக்காமல் உறிஞ்சினால் மருந்து அடியில் தங்கி, ஓர் எலிக்கு வெறும் நீரும் இன்னொன்றுக்கு இரட்டை டோஸும் போய்ச் சேரும்.

கேள்வி: எலி குழாயை நக்குவது கூடினால் பயம் போனது என்று எழுதலாமா?

பதில்: உடனே எழுதாதீர்கள். பென்சோடயசெபைன்கள் தாகத்தையும் பசியையுமே தூண்டும். ஷாக் இல்லாமல் குடிக்கும் அளவைத் தனியாக எடுங்கள். எலி துள்ளுகிற மிகக் குறைந்த மின்னோட்டத்தையும் பாருங்கள். வலி மரத்தது மட்டுமே காரணமென்றால் வலி நீக்கியான மார்ஃபினும் இதே பலனைத் தர வேண்டும்; பொதுவாகத் தருவதில்லை.

கேள்வி: முதல் நாள் இரண்டு எண்ணும் விழுந்துவிட்டன. மருந்து பயனற்றதா?

பதில்: அவசரப்படாதீர்கள். மயக்கத்துக்கு உடல் சில நாளில் பழகிவிடும். தண்டனையைத் தளர்த்தும் பலன் நிற்கும். தினமும் ஒரே டோஸ் தந்து நான்கைந்து நாள் கழித்து அளந்தால் முதல் நாள் மறைந்திருந்தது வெளியே வரும்.

கேள்வி: பென்சோடயசெபைன் வகையில் சேராத பதற்றத் தணிப்பு மருந்தான பஸ்பிரோன் எப்படி?

பதில்: எலியில் பலன் மங்கல், புறாவில் தெளிவு.

கேள்வி: ஷாக் அளவு எத்தனை வைப்பது?

பதில்: எல்லா எலிக்கும் ஒரே எண் சரிவராது. முற்றிலும் நிறுத்திவிடும் அளவுக்கு வைத்தால் எந்த மருந்தும் அதை மீட்காது. மிகவும் குறைத்தால் அழுத்தல் கூடுவதற்கே இடமிருக்காது. ஒலி நேரத்தில் ஓரிரு அழுத்தல் மிஞ்சுகிற இடத்தில் நிறுத்துங்கள்.