கோவைப் பேச்சு பெங்களூரு லைனில் வெளியேறினால் குற்றமா?

கேள்வி: கோவையில் தலைமை அலுவலகம், பெங்களூரில் கிளை. எம்பிஎல்எஸ் லைனில் (டெலிகாம் நிறுவனம் தரும் தனி டேட்டா இணைப்பு) இணைத்து, இரு பக்கமும் ஃப்ரீபிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) வைத்திருக்கிறோம். கோவை ஊழியர் பெங்களூரு வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பு அங்குள்ள பிஆர்ஐ (ஒரே நேரத்தில் பல அழைப்புகளைச் சுமக்கும் டெலிகாம் லைன்) வழியாக லோக்கல் காலாக வெளியேறுகிறது. "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்கிறார் வெண்டர். சிக்கல் வருமா?

பதில்: வரும். எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் பேசுவதில் தப்பில்லை. உரிமம் உள்ள நிறுவனத்தின் லைனில் உங்கள் ஆட்களுக்குள் ஓடும் பேச்சு அது. அதே பேச்சு அடுத்த ஊர் பிஆர்ஐயைத் தொட்டால், டெலிகாம் நிறுவனம் சுமக்க வேண்டிய தூரத்தை நீங்கள் சுமந்ததாகிறது. இதுதான் டோல் பைபாஸ். பெங்களூரு எண்ணுக்கு வரும் அழைப்பைக் கோவை எக்ஸ்டென்ஷனுக்குத் தள்ளினாலும் இதே கேள்வி எழும். "எஸ்டிடிக்கு இன்று காசே இல்லையே" என்ற வாதம் எடுபடாது. அழைப்பு எங்கே கிளம்பியது என்பது மறைவதும் அரசின் கவலை.

குரல்வழி பிபிஓக்களுக்கு 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதிகள் தளர்ந்தன. வெண்டர் அதைக் காட்டுவார். அங்கும் டோல் பைபாஸ் தடை நீங்கவில்லை. அங்கீகாரமில்லாமல் சேவை நடத்தியதாகத் தொலைத்தொடர்புத் துறை கருதினால், தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கிளைகளுக்கு இடையிலான ட்ரங்கின் (இரு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் பாதை) காண்டெக்ஸ்டில், அதாவது அதில் வரும் அழைப்பு எங்கெல்லாம் போகலாம் என்ற விதியில், 'ஃப்ரம்-இன்டர்னல்' (உள் அழைப்பு) என்று போட்டிருப்பார்கள். அதனால் கோவையிலிருந்து வரும் அழைப்புக்குப் பெங்களூரின் அவுட்பவுண்ட் ரூட் (வெளி அழைப்புக்கான வழி) எல்லாம் திறந்துவிடும். நான்கு இலக்க எக்ஸ்டென்ஷன் மட்டும் எடுக்கும் தனிக் காண்டெக்ஸ்ட் போடச் சொல்லுங்கள். கோவை பக்கம் 080-ஐ (பெங்களூரு எஸ்டிடி கோடு) அந்த ட்ரங்குக்கு அனுப்பும் ரூட்டையும் நீக்குங்கள். அதோடு முடியாது: பெங்களூரு ஊழியர் தன் எக்ஸ்டென்ஷனை மொபைலுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், கோவையிலிருந்து வரும் உள் அழைப்பும் பிஆர்ஐயில் வெளியேறும். ட்ரான்ஸ்ஃபர், கான்ஃபரன்ஸிலும் இதே வழி உண்டு. மூன்றையும் சோதித்துப் பாருங்கள். ஃப்ரீபிபிஎக்ஸுக்குப் பதில் சிஸ்கோ கால் மேனேஜராக இருந்தால் இதற்கென்றே 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்' இருக்கிறது. இயல்பில் அணைந்திருக்கும், இயக்க வேண்டும்.

ரூட்டை மூடும் முன் பழைய கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுங்கள். சிடிஆரை (அழைப்புப் பதிவுகள்) அழிக்காதீர்கள், தவறைவிட, தடயத்தை அழித்தது பெரிய தலைவலியாகும். மூடிய தேதியோடு வெண்டரிடம் மின்னஞ்சல் வாங்குங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் வடிவமைப்பு அவர் பொறுப்பு என்றிருந்தால் இழப்பீடு கேட்கலாம். துறையிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும், வழக்கறிஞரைப் பார்க்காமல் பதில் எழுதாதீர்கள்.