கோபுரம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கார் பிடித்துக் குடும்பத்தோடு கடற்கரை ஊர்களைச் சுற்றி வந்தோம். சங்குத்துறை, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியபட்டணம், குளச்சல். முட்டத்துப் பாறைகளை மறக்க முடியாது. ஆனால் கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை. ஓர் ஊரில் வலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்ததற்கு ஒரு அம்மா கண்டபடி ஏசினார். அப்புறம், நெருக்கியடித்த சின்ன வீடுகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய தேவாலயங்கள் எதற்கு? அந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். அடுத்த முறை ஒரே ஓர் ஊர்தான் என்றால் எங்கே போகலாம், எந்த மாதம்?

கே.

அன்புள்ள கே.,

ஒரு பகலில் ஆறு ஊர். தபால்காரர்கூட இவ்வளவு வேகமாகப் போக மாட்டார்.

கருவாடு காயும் இடத்தில் கருவாடுதான் மணக்கும், அதை விடுங்கள். வலைக்குப் ‘பக்கத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வலைமேல் என்று நான் படித்துக்கொள்கிறேன். செருப்போடுதானே? உங்கள் அடுக்களையில் நாலு பேர் செருப்போடு புகுந்து படம் எடுத்தால் உங்கள் வீட்டம்மா என்ன பேசுவாரோ, அதில் பாதியைத்தான் அந்த அம்மா பேசியிருப்பார்.

தேவாலயம் விஷயத்துக்கு வருகிறேன். பல நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

கல்லூரியில் படிக்கும்போது, முட்டத்துக்கு மேற்கே ஓர் ஊர்க்கார நண்பனின் அப்பாவோடு ஒரு நாள் வள்ளத்தில் போனேன். வற்புறுத்தி ஏறியது நான்தான். அரை மணியில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் வீடுகள் மறைந்தன. தென்னைகள் ஒரு பச்சைக் கோடாகி, அதுவும் கரைந்துபோனது. கடைசியில் மலைகளும், முட்டத்துக் கலங்கரை விளக்கமும், ஊர்க் கோபுரமும் மட்டும் நின்றன. அப்போதுதான் அவர் பேசினார்: “கோயிலு மலைக்க நேர வந்திருச்சா, பாரு மக்ளே.”

கோபுரத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட மலை முகடு வந்து நிற்க வேண்டும். அது ஒரு கோடு. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இன்னொரு முகடு. அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வள்ளம் நின்றால், அடியில் பார் இருக்கிறது என்று அர்த்தம். பார் என்றால் கடலுக்குள் கிடக்கும் பாறை, மீன் அண்டும் இடம். இப்படிக் கரைக் குறிகளை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். தாளும் இல்லை, கருவியும் இல்லை. இந்தக் குறிகளை அப்பா மகனுக்குச் சொல்வார், பக்கத்து வள்ளத்துக்காரனுக்குச் சொல்ல மாட்டார். அன்று நங்கூரம் இட்ட இடத்தில் தூண்டிலில் ஏறியது முழங்கை நீளக் கலவா மீன். நான் பார்த்த அதே தண்ணீரைத்தான் அவரும் பார்த்தார். எனக்கு அது வெறும் தண்ணீர், அவருக்கு அதில் தெருவும் முக்கும் இருந்தன.

நீங்கள் கோபுரத்தைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தீர்கள். சரி, தெருவிலிருந்து பார்த்தால் அது பெரிதுதான். தென்னைகள்கூடக் கரைந்துபோகும் தூரத்தில் ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அது விரல் நகம் அளவுகூட இல்லை. அந்தி சாயும் நேரத்தில், காற்று மாறி அடிக்கும்போது, ஊர் எந்தப் பக்கம் என்று காட்ட அவனுக்கு வேறென்ன இருந்தது? பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம்முடையது ஒரு முழமாவது உயர வேண்டும் என்ற வீம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மீன்பாட்டில், அதாவது பிடித்த மீனில், பங்கு கொடுத்து அவர்களே கட்டியது. அந்தப் பணத்தை எப்படிச் செலவு செய்திருக்கலாம் என்று ஒரு நாள் காரில் வந்தவர்கள் யோசனை சொல்ல வேண்டாம். இப்போதுதான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். பேட்டரி தீர்ந்த ஜிபிஎஸ்ஸும் கடலில் உண்டு.

குளச்சலில் 1741 போர் வெற்றித் தூணின் முன்னால் எடுத்த படத்தை இணைத்திருந்தீர்கள். டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த இடம், நல்லது. அதே ஊரில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவர்களை ஒன்றாகப் புதைத்த இடமும் இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறு ஊர் பார்க்கும் அவசரத்தில் அதற்கு எங்கே நேரம் இருந்திருக்கும்!

மாதம் கேட்டிருந்தீர்கள். ஜூன், ஜூலை வேண்டாம். கடல் முரட்டுத்தனமாக இருக்கும், மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. ஊர் எதுவானாலும் சரி, வள்ளங்கள் கரையேறும் நேரத்துக்குப் போய், ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். யாராவது வள்ளத்தில் ஏறச் சொன்னால் ஏறிவிடுங்கள். சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.