புதிய மீன்தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன்கள் இறப்பது ஏன்?

தொட்டி வைத்த பத்தே நாளில், தண்ணீர் தெளிந்திருக்கும்போதே மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து இறந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான். மீன்களின் செவுள்களிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் சேரும் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் போதுமான அளவு பெருக, வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தொடும் ஆழ்துளைக் கிணற்று நீரில், அதே அளவு அம்மோனியா பிஎச் 7-இல் இருப்பதைவிடப் பன்மடங்கு நஞ்சாகிறது. ஆகவே தீவனத்தைக் குறைத்து, குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு நாள்தோறும் கால் பங்கை மாற்றுங்கள். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை புது மீன் வேண்டாம். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பளிச்சென்று அலசுவது (நம்மில் பலர் செய்வதுதான்) அந்தப் பாக்டீரியாக்களையே அழித்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதைப் பிழியுங்கள்.