பண்ருட்டி பக்கத்துக் கிராமங்கள் ஏன் முந்திரியையே நம்பி இருக்கின்றன?

மண்தான் முதல் காரணம். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியைச் சுற்றி செம்மண் மேட்டு நிலம், மானாவாரி. அதிகம் தண்ணீர் கேட்காமல் அங்கே நிற்கிற மரம் முந்திரி.

பங்குனி, சித்திரையில் ஊரில் சும்மா இருக்கும் கையே கிடையாது. விடியற்காலையிலேயே தோப்புக்குப் போய், விழுந்த பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுப்பார்கள். பழம் பெரும்பாலும் அங்கேயே கிடந்து அழுகும். அந்தப் புளித்த வாடை தெரு வரைக்கும் வரும்.

அப்புறம் உடைப்பு. பெரும்பாலும் பெண்கள் வேலை. நாலைந்து பேர் திண்ணையில் கூடி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே உடைப்பார்கள். ஓட்டில் இருக்கும் பால் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் விரல்களில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அப்படியும் நுனி கறுத்து உரியும். பருப்பு முழுசாக வந்தால்தான் நல்ல விலை என்பதால் அடி அளந்து விழ வேண்டும். அந்தக் கைப்பக்குவத்துக்குக் கிடைக்கிற கூலி ரொம்பக் குறைவு என்பது என் ஆதங்கம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது, தாத்தா காலத்து முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. முந்திரி ஒட்டுக்கன்று மூன்று வருஷத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். பலா அப்படியில்லை, நிழல் விழவே பல வருஷம் ஆகும். எங்கள் பக்கம் இன்றைக்கும் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் 'தானேவுக்கு முன்னாடி', 'தானேவுக்கு அப்புறம்' என்றுதான் கணக்கு வைத்துச் சொல்கிறார்கள்.