அடை நிறையத் தேனீ, அதில் ராணி மட்டும் தெரிய வேண்டும்

கேள்வி: அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டி வைத்திருக்கிறோம். தொழில் பழக வரும் பெண்களுக்காக, அப்பா தேனடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து விளக்குவதை மொபைலில் எடுத்தேன். "இதுதான் ராணி" என்று அவர் சொல்லும்போது பார்ப்பவர்களுக்கு எதுவென்றே தெரிவதில்லை. சிவப்பு வட்டம் போட்டேன். ராணி நகர்ந்துவிடுகிறது, வட்டம் அங்கேயே நிற்கிறது. லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. ராணியை மட்டும் எடுப்பாகக் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ராணிக்கு வெளிச்சம் கூட்டாதீர்கள். சுற்றியிருப்பதன் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மொபைல் வீடியோவில் வெளிச்சத்தைக் கூட்டினால் நிழலான இடங்களில் புள்ளி புள்ளியாகப் பொரிந்து தெரியும். இறக்கையில் பட்ட பளபளப்பு வெறும் வெள்ளையாகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் நிறம் மாறுவது. நம் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீயில் ராணியை அடையாளம் காண்பதே அதன் கருத்த உடலையும், இறக்கையைத் தாண்டி நீளும் வயிற்றையும் வைத்துத்தான். கற்றுக்கொள்ள வருபவரிடம் அந்தக் கருமையை வெளுக்கவைத்துக் காட்டிவிட்டு, தோட்டத்தில் போய்த் தேடு என்றால் எப்படித் தேடுவார்?

இனி வேலைக்கு வருவோம். எடிட் பக்கத்தில், ராணி வரும் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்தத் துண்டை மேலே இழுத்தால் வீடியோ 2-ல் அதற்கு ஒரு நகல் விழும். நகலோடு வந்த ஆடியோவை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் குரல் இரட்டிப்பாகக் கேட்கும். இனிச் செய்வதெல்லாம் மேலே இருக்கும் நகலில்தான். கீழே அசல் அப்படியே கிடக்கட்டும்.

நகலின் மேல் நின்று கலர் பக்கத்துக்குப் போங்கள். விண்டோ பகுதியில் வட்டத்தைத் தேர்ந்து, ராணியின் உடம்பு கிடக்கும் சாய்வுக்கே அதை நீள்வட்டமாகத் திருப்பி வையுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முதலிலேயே பெரிய வட்டம் போட்டுவிடுகிறார்கள். வட்டத்தை ராணியின் பின்னாலேயே நகர்த்தும் கருவிதான் ட்ராக்கர். அது வட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. உள்ளே ராணியோடு நாலைந்து வேலைக்காரத் தேனீக்களும் இருந்தால், அவை போகிற பக்கமெல்லாம் வட்டமும் இழுபடும். ஆகவே ட்ராக் செய்யும்போது வட்டம் ராணியின் உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்கட்டும். ட்ராக்கரில் பான் (பக்கவாட்டு நகர்வு), டில்ட் (மேல்-கீழ் நகர்வு), ரொட்டேட் (சுழற்சி) மூன்றையும் வைத்துக்கொண்டு, ஜூம், 3டி இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். சுற்றிலும் தேனீக்கள் மொய்க்கும் காட்சியில் அந்த இரண்டும் வட்டத்தை வீங்கவும் சுருங்கவும் வைக்கும்.

துண்டின் தொடக்கத்திலிருந்துதான் ட்ராக் செய்ய வேண்டும் என்றில்லை. ராணி மிகத் தெளிவாகத் தெரியும் ஃப்ரேமில் நின்று, அங்கிருந்து ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் ஓட்டுங்கள். வேலைக்காரத் தேனீக்கள் மேலே ஏறி ராணி மறையும் இடத்தில் வட்டம் வழிதவறும். அதற்குக் கலங்க வேண்டாம். ட்ராக்கரில் தெரியும் வரைபடத்தில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து ட்ராக்கை அழியுங்கள். பிறகு 'கிளிப்' என்றிருப்பதை 'ஃப்ரேம்' என்று மாற்றி, ராணி மறையும் ஃப்ரேமிலும் மறுபடி வெளிப்படும் ஃப்ரேமிலும் வட்டத்தைக் கையால் நகர்த்தி வையுங்கள். இடைப்பட்ட வழியை ரிசால்வே நிரப்பிக்கொள்ளும்.

இது முடிந்ததும் மறக்காமல் 'கிளிப்' முறைக்குத் திரும்பி, வட்டத்தை ராணியைப் போல ஒன்றரை மடங்குக்குப் பெரிதாக்குங்கள். சாஃப்ட்னெஸையும் (ஓரத்தின் மென்மை) தாராளமாகக் கூட்டுங்கள். ஓரம் கத்தரித்தது போலத் தெரியக்கூடாது.

அடுத்து ஆல்ட், ஓ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதிக்கென்று புதிய நோட் (நிறம் திருத்தும் தனிப் படி) ஒன்று வரும். அதில் காமாவை (நடுத்தர வெளிச்சம்) இறக்குங்கள், கெயினை (பளிச்சென்ற பகுதிகளின் வெளிச்சம்) கொஞ்சம் குறையுங்கள். சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 50-ல் இருக்கும். 25, 30 வரை கொண்டுவரலாம். முழு இருட்டாக்கிவிடாதீர்கள். ராணியைச் சுற்றி மற்றத் தேனீக்கள் எப்படி நிற்கின்றன என்பதும் பழகுபவர்கள் பார்க்க வேண்டிய பாடம்தான். பழைய கருத்த அடையாக இருந்தால் இருட்டாக்குவதில் பெரிய பலன் இருக்காது. அங்கே நிறத்தைக் குறைப்பதுதான் கைகொடுக்கும்.

எடிட் பக்கத்துக்குத் திரும்பி, மேல் துண்டின் இரு மூலைகளிலும் இருக்கும் சிறிய வெள்ளைப் பிடியை உள்ளே இழுங்கள். 12 முதல் 15 ஃப்ரேம் போதும். கீழே அசல் ஓடிக்கொண்டிருப்பதால் சுற்றுப்புறம் மெல்ல மங்கும், பிறகு மெல்லத் தெளியும்.

எப்போது மங்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அப்பா "ராணி எங்கே இருக்கு பாருங்க" என்று சொன்னதும் மூன்று நான்கு விநாடி எதுவும் செய்யாமல் விடுங்கள். பார்ப்பவர்கள் தாங்களே தேடட்டும். அதன் பிறகு மங்கவைத்து, நாலைந்து விநாடியில் மறுபடி முழு அடையையும் காட்டுங்கள். தோட்டத்தில் பெட்டியைத் திறக்கும் நாளில் அவர்களுக்கு எந்த எஃபெக்டும் துணைக்கு வராது.

மொபைல் செயலியில் செய்பவர்களுக்கும் யோசனை இதேதான், அடுக்கு மட்டும் தலைகீழ்: கீழே மங்கலாக்கிய துண்டு, மேலே வட்ட மாஸ்க் (வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் காட்டும் மறைப்பு) போட்ட அசல் துண்டு. மாஸ்க் தானாகப் பின்தொடராத செயலியானால் கீஃப்ரேம் (அந்தந்த ஃப்ரேமில் வட்டத்தின் இடத்தைக் குறிக்கும் புள்ளி) வைத்துக் கையால்தான் நகர்த்த வேண்டும்.

அடுத்த முறை எடுக்கும்போது திரையில் ராணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும் தேன் பருவத்தில் கிளைகளுக்கிடையே வெயில் திட்டுத் திட்டாக விழும். பூட்டாவிட்டால் மொபைல் ஒவ்வொரு திட்டுக்கும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், ட்ராக்கரும் தடுமாறும். சட்டத்தை முழு நிழலில் பிடிக்கச் சொல்லுங்கள். மொபைலில் 4கே இருந்தால் அதில் எடுங்கள், பிறகு ராணியை நெருங்கிக் காட்டினாலும் படம் உடையாது.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்படும். மங்கிய பகுதி கட்டம் கட்டமாகத் தெரியும்.