கைக்கு அளவான பிஸ்டல்: ஹூஸ்டனுக்குப் புதுசா வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்க கேள்வியை முந்தாநாள் ராத்திரிதான் பார்த்தேன். பொகவந்தலாவையில இருந்து ஹூஸ்டனுக்கு வந்து ஒன்பது மாசம், உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் கிரீன் கார்டு இருக்கு, பெட்ரோல் ஷெட் கவுண்டர்ல ராத்திரி 11 மணி வரைக்கும் வேலை, நாலு வயசு மகன், ஸ்டூடன்ட் விசாவுல படிக்கிற கொழுந்தனாரும் அதே அபார்ட்மென்ட்ல. துவக்குக் கடையில சிக் சவர் கம்பனியோட பி365ங்கிற சின்ன பிஸ்டலைக் காட்டி, "பிடியை மாத்தலாம், மேல்பாகத்தை மாத்தலாம், ஒண்ணு வாங்கினா நாலு வாங்கின மாதிரி"ன்னு சொல்லியிருக்காங்க. வாங்கலாமா, வாங்கினா எந்த சைஸ்னு கேட்டிருக்கீங்க.

நான் லீவுக்கு மஸ்கெலியா வந்திருக்கேன். தேயிலைத் தோட்டத்துல அம்மாவோட லயத்து வீட்டுத் திண்ணையில, அந்த இஸ்தோப்புல உட்கார்ந்து, தகரத்துல மழை கொட்டுற சத்தத்துல இதை எழுதுறேன். 1983 ஜூலையில எனக்கு ஒன்பது வயசு. நுவரெலியாவுல கடைகள் எரியுதுன்னு தோட்டத்துக்குச் செய்தி வந்த ராத்திரி, அப்பா இதே இஸ்தோப்புல கவ்வாத்துக் கத்தியை மடியில வச்சுக்கிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நாங்க உள்காம்பராவுல படுத்திருந்தோம், யாரும் தூங்கல. அதனால வேலை முடிஞ்சு இருட்டுல கார் வரைக்கும் தனியா நடக்கிறப்போ உங்க வயித்துல வர்ற பயத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். துவக்கு வேணாம்னு சொல்லவும் மாட்டேன். என்கிட்டயும் இருக்கு.

ஆனா சைஸ் பேசுறதுக்கு முந்தி உங்க கொழுந்தனாரைப் பத்திப் பேசணும், ஏன்னா இதுலதான் நம்ம ஆட்கள் தெரியாம மாட்டிக்கிறாங்க. கிரீன் கார்டு உள்ளவங்க அமெரிக்காவுல துவக்கு வாங்கலாம். லைசன்ஸ் உள்ள கடையில பிஸ்டல் வாங்க 21 வயசு முடிஞ்சிருக்கணும், 4473ங்கிற படிவத்தை நிரப்பணும், அதுல கிரீன் கார்டுல இருக்கிற உங்க ஏலியன் நம்பரையும் எழுதணும். ஐடியில இருக்கிற விலாசம் இப்ப குடியிருக்கிற விலாசமா இருக்கணும், வீடு மாறியிருந்தா முதல்ல அதைத் திருத்துங்க. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கிறவருக்குக் கதையே வேற. ஃபெடரல் சட்டப்படி அவர் துவக்கையோ ரவையையோ, அதான் தோட்டாவையோ, கையில வச்சிருக்கவே கூடாது. சுட்டுப் பழகுற ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறதும் அதுக்குள்ளதான் வரும். வேட்டை லைசன்ஸ் உள்ளவங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு, ஆனா வக்கீலைக் கேட்காம அதை நம்பி இறங்க வேணாம். 2022ல வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 வருஷம் வரைக்கும் சிறை. அவர் காசு குடுத்து உங்க பேர்ல வாங்கச் சொன்னா அதுவும் தனிக் குற்றம், அதுக்கும் 15 வருஷம் வரைக்கும் போகும். துவக்குக் குற்றத்துல தீர்ப்பாயிட்டா கிரீன் கார்டு உள்ளவங்களையே நாடு கடத்தலாம். அதனால துவக்கை வச்சுப் பூட்டுற பெட்டியோட நம்பர் அவருக்குத் தெரியக் கூடாது. அவர் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமில்ல. அவரோட படிப்பையும் விசாவையும் காப்பாத்துற வேலை அது, அவர்கிட்டயே இதை உட்கார வச்சுச் சொல்லிருங்க.

இப்ப அந்தக் கடைக்காரர் சொன்ன விஷயம். அவர் சொன்னது பொய்யில்ல. சாதாரண பிஸ்டல்ல, க்ளொக் மாதிரி, பிளாஸ்டிக் பிடிச் சட்டம்தான் சீரியல் நம்பர் உள்ள பாகம், சட்டப்படி அதுதான் துவக்கு. பி365ல அப்படியில்ல. விசையும் அதோட வேலை செய்யுற உள்பாகங்களும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துல ஒரு சின்ன எஃகுக் கூடு. சீரியல் நம்பர் அதுலதான் இருக்கும். சட்டத்தோட பார்வையில அந்தக் கூடுதான் துவக்கு, வெளியில இருக்கிற பிடி வெறும் உறை. ரவை அடுக்குற மெகசீனை எடுத்து, குழலோட பின்பக்க அறையில ரவை இல்லைன்னு கண்ணாலயும் விரலாலயும் பார்த்து, மேல்பாகமான ஸ்லைடைக் கழட்டி, பக்கத்துல இருக்கிற லீவரை உருவினா கூடு மேல வந்துரும், வேற பிடியில போட்டுக்கலாம். பிடி வாங்க 4473 தேவையில்ல, பார்சல்ல வீட்டுக்கே வரும்.

இது உங்களை மாதிரி, என்னை மாதிரி சின்னக் கைக்காரிக்கு ஏன் முக்கியம்னா, நான் 2009ல பட்டதைச் சொல்றேன். வேலை பார்த்த இடத்துக் கார் பார்க்ல ஒருத்தன் என் பையைப் பறிச்சுக்கிட்டுப் போனான். மறுவாரமே கடைக்குப் போய், கண்ணாடிக்குள்ள இருந்ததுலயே சின்னதைக் கேட்டு வாங்கினேன். பொம்பளைக்கு இதுதான் சரின்னு வித்தவர் சொன்னார், நானும் நம்பினேன். பிடியில ரெண்டு விரல்தான் நின்னது, சுண்டு விரல் காத்துல. முதல் அஞ்சு ரவையிலயே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தோல் சிவந்து வீங்கிருச்சு. ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போனேன், பிறகு ரெண்டு வருஷம் அது பெட்டியிலயே கிடந்தது. சுடவே பயமா இருக்கிற துவக்கு உங்களைக் காப்பாத்தாது. எடை குறைஞ்சா அதே ரவைக்கு அடி கூடுதலா கைக்கு வரும், அந்தக் கணக்கு எனக்கு அப்ப தெரியல.

பி365 2018ல வந்தது. 9 எம்எம், மெகசீன்ல 10 ரவை, வெறும் எடை கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதோட குட்டைப் பிடியில நிறையப் பேருக்குச் சுண்டு விரல் தொங்கும். அடுத்த வருஷம் வந்த பி365 எக்ஸ்எல்ல பிடி கொஞ்சம் நீளம், மெகசீன் 12, குழல் 3.1 இஞ்சியில இருந்து 3.7 இஞ்சி. எல்லா விரலும் பிடியில நிக்கும், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில தூரம் கூடுறதால குறி பார்க்கவும் லேசு. உடுப்புக்குள்ள துருத்திக்கிட்டுத் தெரியுறது பெரும்பாலும் பிடியோட நீளம்தான், குழலோட நீளமில்ல. அதனால நான் எக்ஸ்எல் பிடியில பழகச் சொல்வேன், கை பழகின பிறகு மறைக்கிறது கஷ்டமா இருந்தா குட்டைப் பிடிக்கு மாத்திக்கலாம். பிடி மாறினா அதோட நீளத்துக்கான மெகசீனும், இடுப்புல மாட்டுற உறையும் வேணும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்க.

கடையில கையில வாங்கினதும் வெறுமையா இருக்கான்னு நீங்களே பாருங்க, அவங்க பார்த்தது போதாது. சுவர்ப்பக்கமா நீட்டி, உள்ளங்கையை எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு மேல ஏத்திப் பிடிங்க. குழலும் உங்க முன்கை எலும்பும் ஒரே கோட்டுல இருக்கிறப்போ, ஆள்காட்டி விரலோட நுனிச் சதை விசையில படுதா? எட்டலைன்னா பிடி தடிப்பு. முதல் மூட்டு வரைக்கும் உள்ள போயிருச்சுன்னா பிடி மெலிசு. கொழுந்து எடுக்கிறப்போ விரல் நுனிதானே வேலை செய்யும், இங்கயும் அப்படித்தான்.

ஸ்லைடை இழுக்க வரலைன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு விரலால கிள்ளி இழுத்தா யாருக்கும் வராது. முழங்கையை உடம்போட ஒட்டி வச்சு, இடது உள்ளங்கையால ஸ்லைடோட பின்பக்கத்தை மேலயிருந்து மூடிப் பிடிங்க, வலது கையால பிடியை முன்னால தள்ளுங்க. தள்ளுறதுதான் வேலை. அப்பவும் முடியலைன்னா ஸ்மித் அண்ட் வெஸனோட ஷீல்ட் ஈஸியைப் பாருங்க, கைப்பலம் குறைஞ்சவங்களுக்காகவே செஞ்சது. அதுல பிடி மாத்துற வசதி இல்ல, பரவாயில்ல. பி365 மாதிரியே பிடி மாத்துற சிக் சவரோட பி320 2014ல வந்தது, உருவத்துல பெருசு. அது கீழ விழுந்தா வெடிக்கலாம்னு 2017ல கம்பனியே இலவசமா மாத்திக் குடுத்தது. அதுக்குப் பிறகும் விசையைத் தொடாமலே வெடிச்சதுன்னு வழக்குகள் நடந்திருக்கு, கம்பனி மறுக்குது. யாராவது பழசை மலிவா தர்றேன்னா வேணாம்னு சொல்லிருங்க.

உறை இல்லாம எதையும் வாங்காதீங்க. விசையை முழுசா மூடுற கெட்டிப் பிளாஸ்டிக் உறை, இடுப்புல. கைப்பையில போடாதீங்க. கைப்பையைக் கழட்டிச் சோபாவுல வைப்பீங்க, மகன் சூயிங்கம் தேடுவான்.

அந்த மகனை நினைச்சுத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். லயத்துல வளர்ந்த நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாத இடம்னு காம்பராவுல ஒண்ணு கிடையாது. அம்மா தேயிலைத் தூள் டின்னுக்கு அடியில ஒளிச்சு வச்ச சீனிக்கட்டியை நாங்க கண்டுபிடிக்காத நாள் இல்ல. அலுமாரி மேல, மெத்தைக்கு அடியில எல்லாம் அவனுக்கு ஒரு கிழமை வேலை. நம்பர் அமுக்கித் திறக்கிற இரும்புப் பெட்டி, சுவர்லயோ கட்டில் சட்டத்துலயோ நட்டுப் போட்டு இறுக்கினது, வாங்கி மாட்டின பிறகுதான் துவக்கு வீட்டுக்குள்ள வரணும். இடுப்புல இருந்து கழட்டுற நிமிஷமே பெட்டிக்குள்ள போகணும். டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில கிடைக்கிற மாதிரி ரவை போட்ட துவக்கை விட்டா வளர்ந்தவங்க மேல குற்றம், பிள்ளைக்குப் பெருங்காயமோ சாவோ நடந்தா அது இன்னும் பெருசாகும்.

2021 செப்டம்பர் 1ல இருந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆனவங்க லைசன்ஸ் இல்லாமலும் பிஸ்டல் கொண்டு திரியலாம். ஆனாலும் லைசன்ஸ் எடுங்க. பள்ளிக்கூட எல்லையில இருந்து 1000 அடிக்குள்ள துவக்கோட போறதை ஃபெடரல் சட்டம் தடுக்குது, மாநில லைசன்ஸ் உள்ளவங்களுக்கு விலக்கு இருக்கு. நீங்க குடியிருக்கிற இடத்துக்குப் பின்னாலயே எலிமென்டரி ஸ்கூல்னு சொல்றீங்க, தினம் அந்த ரோட்டுலதான் போகணும். நாலுல இருந்து ஆறு மணி நேர வகுப்பு, 3, 7, 15 யார்ட் தூரத்துல மொத்தம் 50 ரவை சுடுற பரீட்சை. எந்த இடத்துல சட்டம் துவக்கு எடுக்க விடுது, எந்த இடத்துல விடாதுன்னு அந்த வகுப்புல சொல்றதை நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், வாசல்ல சிவப்பு எழுத்துல 51 போட்டிருக்கிற பார், எதுக்குள்ளயும் கொண்டு போகாதீங்க.

ஷெட் முதலாளிகிட்டயும் முன்கூட்டியே கேளுங்க. வேலை நேரத்துல வேணாம்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. கல்லாப் பெட்டிக்காக மட்டும் துவக்கைத் தொடாதீங்க தங்கச்சி. காசு கேட்டா குடுத்துருங்க, அது முதலாளி காசு. உங்க உயிருக்கோ பிள்ளை உயிருக்கோ வேற வழியே இல்லைங்கிறப்போதான் அது.

வாங்கினாலும் உடனே நம்பிராதீங்க. பழகுற ரவையில ஒரு 200, பிறகு ஆபத்துக்குன்னு போடப்போற, நுனி குழிஞ்ச ஹாலோ பொயின்ட் ரவையில ஒரு 50, சிக்காம ஓடின பிறகுதான் இடுப்புல வைங்க. ஊருக்கு வர்றப்போ பெட்டிகளோட மடிப்பு, ஜாக்கெட் பொக்கட் எல்லாத்தையும் தடவிப் பாருங்க. இந்தத் தடவை புறப்படுறதுக்கு முந்தி என் கைப்பைத் துணிக்குள்ள ஒரு ரவை விரல்ல தட்டுப்பட்டது. கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல அது கிடைச்சிருந்தா அம்மாவைப் பார்க்காம பொலிஸ்ல உட்கார்ந்திருப்பேன்.

ஆகஸ்ட் நடுவுல ஹூஸ்டன் திரும்புறேன். அதுக்குள்ள எதையும் வாங்காதீங்க. ஒரு சனிக்கிழமை காலையில ரேஞ்சுக்குப் போவோம், என்கிட்ட பி365க்கு மூணு பிடி இருக்கு, மூணையும் உங்க கையில போட்டுப் பார்ப்போம். மகனை வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு வாங்க. கொழுந்தனாரை மட்டும் கூட்டி வராதீங்க.