இரண்டு புள்ளி ஆட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் 1905-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்து சென்றிருந்தீர்கள். நான் தேடி வாசித்ததில் இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, அவ்வாண்டு சிகாகோ அணி மிச்சிகனை 2-0 என வென்ற ஆட்டம் இன்றும் போற்றப்படுகிறது, தோல்விக்குக் காரணமான வீரர் பின்னாளில் தற்கொலை செய்துகொண்டார் என்பது. மற்றொன்று, களத்தில் நேர்ந்த மரணங்களைக் கண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு அந்த விளையாட்டைக் காப்பாற்றினார் என்பது. இரண்டே புள்ளிகளில் முடிந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருந்தது? இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடர்பு உண்டு. ஆனால் அது மரணங்களின் வழியாக வந்த தொடர்பு அல்ல என்றே நினைக்கிறேன். முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று தொலைக்காட்சியில் காணும் அமெரிக்கக் கால்பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1905-ஐ அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும். பந்தை முன்னோக்கி எறிய அன்று அனுமதி இல்லை. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும் என்பதால், தோளோடு தோள் சேர்த்து எதிரணியின் ஒரே இடத்தில் மோதி, இரண்டு கஜம், மூன்று கஜம் என நகர்வதே பெரும்பாலும் ஆட்டமாக இருந்தது. பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்கு ஐந்து புள்ளிகள், அதைக் கோல் கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு நான்கு. பந்தை வைத்திருப்பவரை அவருடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்திவிட்டால், ‘சேஃப்டி’ என்ற பெயரில் எதிரணிக்கு இரண்டு. உங்களை வியக்க வைத்த அந்த 2 இப்படி வந்ததுதான்.

பின்னாளில் பிக் டென் என்று பெயர்பெற்ற வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்களுடன் தொடங்கி, 1905-ல் ஒன்பதாக வளர்ந்திருந்தது. எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும் என்ற ஏற்பாடு கிடையாது. அவரவர் வசதிப்படி ஆட்டங்களைப் பேசி முடித்துக்கொண்டார்கள். சிகாகோ அவ்வாண்டு இந்த அமைப்பின் ஏழு அணிகளுடன் மோதியபோது, மிச்சிகன் மோதியது மூன்றே அணிகளுடன்தான். ஆனால் ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியாளராக வந்த 1901 முதல் மிச்சிகன் தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. 1903-ல் மினசோட்டாவுடன் 6-6 எனச் சமனில் முடிந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வென்றது. 1905-ல் முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் அவர்கள் எடுத்த புள்ளிகள் 495, கொடுத்தவை பூஜ்யம். அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பயிற்றுவித்த சிகாகோவும் அதுவரை தோற்கவில்லை. நவம்பர் 30, நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் மைதானத்தில் கடுங்குளிரில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆட்டம் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியைத் தள்ளிவைக்கும் போராட்டமாகவே நடந்தது. இதில் சிகாகோவின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை வழிநடத்தும் வீரர், வால்டர் எக்கர்சாலின் கால்கள் பெயர்பெற்றவை. இரண்டாம் பாதியில் அவர் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று உதைக்கப்போவதுபோல் பாவனை காட்டிவிட்டு, பந்தோடு ஓடித் தப்பித்தார். பின்னர் அவர் உதைத்த ஒரு பந்து மிச்சிகனின் கோல் கோட்டைத் தாண்டிச் சென்றது. அதைப் பிடித்த டென்னி கிளார்க் அங்கேயே தரையில் அமர்த்தியிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. அவர் ஓடி வெளியே வர முயன்றார். சிகாகோவின் பேடனாக்கும் கேட்லினும் அவரை மோதிப் பின்னுக்குத் தள்ளிக் கோட்டுக்கு அப்பால் வீழ்த்தினார்கள். ஒரே துணிச்சல்தான், பலித்தவர் மேதை, பலிக்காதவர் குற்றவாளி. கிளார்க் 1932-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டது உண்மை. ஆனால் இடையிலுள்ள இருபத்தேழு ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்து அந்த ஓட்டத்தையே காரணமாக்கும் எழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு முழு வாழ்க்கையை ஒரு மதியப் பொழுதுக்குள் அடைப்பது விளையாட்டெழுத்தாளர்களுக்கு மிகவும் வசதியான காரியம்.

இனி ரூஸ்வெல்ட். அவர் அக்டோபர் 9-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியது ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் ஆட்களை; பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பருவ முடிவில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் 18 மரணங்களைக் கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வீரர்கள் அல்லர். அந்த அதிர்ச்சியின் விளைவாக 1906-ல் விதிகள் மாறின: முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது, ஐந்து கஜம் பத்தானது. இதுவரை நீங்கள் வாசித்த கதை சரியே.

மேற்கே, அதாவது வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் பல்கலைக்கழகங்களில், பேராசிரியர்கள் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. அதே நவம்பரில் காலியர்ஸ் வார இதழில் எட்வர்ட் ஜோர்டன் என்ற பத்திரிகையாளர், சிகாகோ, மிச்சிகன் உள்ளிட்ட மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் வீரர்களை எப்படி விலைகொடுத்துச் சேர்க்கின்றன, படிக்காதவர்களை எப்படி மாணவர்களாக வைத்திருக்கின்றன என்று தொடராக எழுதிக்கொண்டிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் அழைத்ததன் பேரில் 1906 ஜனவரியில் சிகாகோவில் பேராசிரியர்கள் கூடினார்கள். அவர்கள் வகுத்த விதிகளைப் பாருங்கள்: பருவத்துக்கு ஐந்து ஆட்டங்களே, முதலாண்டு மாணவரும் பட்டமேற்படிப்பு மாணவரும் ஆடக் கூடாது, ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடக் கூடாது, வீரர்களுக்கெனத் தனிச் சாப்பாட்டு மேசை கூடாது, மாணவர்களிடம் ஐம்பது சென்ட்டுக்கு மேல் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது, பயிற்சியாளர் முறையான ஆசிரியப் பதவியில், அளவான சம்பளத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எலும்பு முறிவைத் தடுக்கும் விதி ஒன்றுகூட இல்லை. எல்லாமே பணத்தையும் போலி மாணவர்களையும் குறிவைத்தவை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தரப்பில் இதற்கு முன்னின்றவர் வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர். கால்பந்து ஒரு வணிகமாகிவிட்டது என்பது அவருடைய வாதம். அப்பல்கலைக்கழகம் உள்ள மாடிசனில் அவர் வீட்டு வாசலில் மாணவர் கூட்டம் திரண்டு கூச்சலிட்டது. அமெரிக்க எல்லைப்புற வரலாற்றைப் பற்றிய அவருடைய ஆய்வுரைக்கு அந்த மாணவர்களிடம் இத்தனை கவனம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் அது எல்லோரையும் ஒரே மாதிரி தொடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் ஹீப்ரு அறிஞருமான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், 1892-லேயே ஸ்டாக்கைப் பேராசிரியர் வரிசையில் நிரந்தரப் பதவியில் அமர்த்தியிருந்தார். யோஸ்ட்டோ பருவத்தின்போது மட்டும் மிச்சிகன் பல்கலைக்கழகம் உள்ள ஆன் ஆர்பருக்கு வந்து, மற்ற மாதங்களில் தன் தொழிலைக் கவனிக்கச் செல்பவர். மூன்றாண்டு வரம்பு ஏற்கெனவே ஆடி முடித்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது மிச்சிகனை மேலும் சீற வைத்தது. கூட்டத்தை அழைத்ததே தங்கள் தலைவர் என்பது அந்தச் சீற்றத்தைக் குறைக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குள் மிச்சிகன் அமைப்பிலிருந்து விலகி 1917-ல்தான் திரும்பியது. நார்த்வெஸ்டர்ன் 1906, 1907 ஆகிய இரு பருவங்களிலும் ஆட்டத்தையே நிறுத்திவைத்தது. விஸ்கான்சின் 1906-ல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது; சிகாகோ, மிச்சிகன், மினசோட்டா ஆகிய மூன்று பெரிய அணிகளில் ஒன்றையும் சந்திக்காமல்! அவ்வாண்டுப் பட்டத்தை விஸ்கான்சின் உட்பட மூன்று அணிகள் பகிர்ந்துகொண்டன.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு நேரான விடை. 2-0 ஆட்டத்தின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட எக்கர்சால், பேராசிரியர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ அதன் கண்கண்ட உதாரணம். ஜோர்டனின் தொடரில் அவர் பெயரும் இருந்தது. பட்டம் பெறத் தேவையான பாடங்களை அவர் முடிக்கவே இல்லை. சிகாகோ அவரை 1906-லும் தன் குவார்ட்டர்பேக்காக ஆடவிட்டது. அந்தப் பருவம் முடிந்த பிறகே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது.

அன்புடன்.